மங்கலச் சொல்லும் மறைந்த நோயும்: மகப்பேற்று மருத்துவ ஆய்வில் மொழியின் இடம்

முன்னுரை

தமிழ் இலக்கண வகுப்பில் வழக்கு என்னும் பகுதியைக் கற்பிக்கும்போது, இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்னும் இருவகையையும் நாம் மாணவர்க்கு எடுத்துரைக்கிறோம். தகுதி வழக்கு இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படும் என்பதையும் அவர்கள் மனனம் செய்கின்றனர். ‘கால் கழுவி வந்தான்’ என்பது இடக்கரடக்கலுக்கும், ‘இயற்கை எய்தினார்’ என்பது மங்கலத்திற்கும், பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறிக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றன. தேர்வு முடிந்ததும் இம்மூன்றும் ஏட்டிலேயே தங்கிவிடுவதுண்டு.

எனினும், இம்மூவகை வழக்கும் நாள்தோறும் ஒருங்கே வழங்கும் இடம் ஒன்று நம் அருகிலேயே உள்ளது. அது மகளிர் மருத்துவரின் அறை. அங்கே நோயாளி இடக்கரடக்கலாகப் பேசுகிறார். உடன் வந்த உறவினர் மங்கலமாகப் பேசுகிறார். மருத்துவர் குழூஉக்குறியில் எழுதிக்கொள்கிறார். மூவரும் ஒரே நோயைப் பற்றியே பேசினாலும் அந்நோய் எவர் சொல்லிலும் முழுமையாக வெளிப்படுவதில்லை. இவ்வுரையில், மகப்பேற்றினாலும் முதுமையினாலும் பெண்ணின் இடுப்புப் பகுதிக்கு நேரும் நலிவுகளைப் பற்றிய மருத்துவ ஆய்வு, கடந்த சில பத்தாண்டுகளில் சொற்களைத் திருத்தியதன் வாயிலாக எவ்வாறு முன்னேறியது என்பதை நாம் காண்போம். அதிலிருந்து தமிழ் கற்பிப்போரும் கற்போரும் செய்யத்தக்கது யாது என்பதையும் இறுதியில் எண்ணிப் பார்ப்போம்.

துறையும் அதன் பொருளும்

‘மருத்துவம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பொதுவான வைத்தியம் என்னும் பொருளோடு, பிள்ளைப்பேறு பார்த்தல் என்னும் சிறப்புப் பொருளும் உண்டு. ‘அவள்தான் எங்கள் ஊரில் மருத்துவம் பார்ப்பவள்’ என்று பெரியோர் கூறினால், பிரசவம் பார்ப்பவள் என்றே பொருள்படும். ‘மருத்துவச்சி’ என்னும் சொல்லும் அவ்வாறே. மருத்துவம் என்றாலே மகப்பேறு என்று கருதுமளவிற்கு, மகப்பேறு நம் முன்னோர் வாழ்வில் உயிர்போகும் நிகழ்ச்சியாக இருந்தது என்பதை இச்சொல்வழக்கு காட்டுகிறது.

இன்றைய மருத்துவக் கல்வியில் கருவுறுதலையும் பேற்றையும் ஆராய்வது மகப்பேறியல். அதனோடு இணைந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, யோனி, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கும் இடுப்புத்தளத்தின் நலிவுகளை ஆராயும் துறை யூரோகைனகாலஜி எனப்படும். இதனை நாம் மகளிர் சிறுநீரியல் எனலாம். இடுப்பு எலும்பின் அடிப்பகுதியில் தொட்டில்போல் விரிந்திருக்கும் தசைகளும் இணைப்புத்திசுக்களும் இடுப்புத்தளம் ஆகும். குழந்தையின் தலை வெளிவரும்போது இத்தசைகள் தம் இயல்பான நீளத்தைவிடப் பன்மடங்கு நீள்கின்றன. பெரும்பாலும் அவை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சிலருக்கு அவை கிழிகின்றன, சிலருக்குத் தளர்ந்துபோகின்றன. அதன் பயனாகச் சிறுநீர் அறியாமல் கசிதல், கருப்பையோ யோனிச்சுவரோ கீழிறங்குதல், மலத்தை அடக்க இயலாமை ஆகிய நலிவுகள் உடனேயோ பல ஆண்டுகள் கழித்தோ தோன்றக்கூடும். உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் நேரும் மாற்றங்கள் ஆகியனவும் இவற்றுக்குத் துணைக்காரணங்களாகும்.

இந்நலிவுகள் அரியன அல்ல. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பெண் 80 வயதை எட்டுவதற்குள் உறுப்பிறக்கத்திற்காகவோ சிறுநீர்க் கசிவிற்காகவோ அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ 11 விழுக்காடு என மதிப்பிட்டது. இது மருத்துவமனைக்கு வந்து, அறுவைக்கும் உடன்பட்டவர்களை மட்டும் கணக்கிட்ட எண். வாய்திறவாமல் வீட்டிலேயே இருந்தவர்கள் இக்கணக்கில் இல்லை.

சொல் பதிவாகாத மூவர்

இத்துறையின் தொடக்க வரலாறே, நோயாளியின் சொல் பதிவாகாத வரலாறாக உள்ளது. பேறு நாட்கணக்கில் நீண்டு, குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி நிற்கும்போது, இடையில் நசுங்கும் திசு இரத்த ஓட்டமின்றி அழிகிறது. பின்னர்ச் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் இடைவிடாது ஒழுகத் தொடங்குகிறது. ஃபிஸ்டுலா எனப்படும் இப்புரைவழியை மூடும் அறுவைமுறையை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில் ஜேம்ஸ் மாரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் 1845 முதல் 1849 வரை உருவாக்கினார். வெள்ளிக் கம்பித் தையலைக் கொண்டு அவர் கண்ட வெற்றி 1852இல் கட்டுரையாக வெளிவந்தது.

அம்முறையை அவர் பயின்றது அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில். அவர்களுள் அனார்க்கா, பெட்சி, லூசி என்னும் மூவரின் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்துள்ளது. அனார்க்காவுக்கு ஏறத்தாழ 30 முறை அறுவை செய்யப்பட்டது. ஈதர் மயக்கமருந்து 1846இல் பாஸ்டன் நகரில் வெளிப்படையாகச் செய்துகாட்டப்பட்ட பின்னரும், இப்பெண்களுக்கு மயக்கமருந்து கொடுக்கப்படவில்லை. மூவரும் பட்ட துன்பத்தை நாம் சிம்ஸ் எழுதியவற்றின் வழியாகவே அறிகிறோம். அவர்கள் தம் வாயால் கூறிய சொல் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டபோது உலகம் விவாதித்தது, ஒரு கண்டுபிடிப்பின் பயனோடு, உடன்பாடு கேட்கப்படாதோரின் உரிமையையும் சேர்த்தே ஆகும்.

மங்கலம்: ‘சுகப்பிரசவம்’

மூவகை வழக்கினுள் முதற்கண் மங்கலத்தை எடுத்துக்கொள்வோம். மங்கலமற்றதை மங்கலமாக்கிக் கூறுவது இவ்வழக்கு. பிள்ளை பெறுதலை நம் மொழி ‘பேறு’ என்கிறது; செல்வமும் புகழும்போல் அடையத்தக்க ஒன்று என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. வயிற்றைக் கிழிக்காமல் இயல்பான வழியில் பிள்ளை பிறந்தால் ‘சுகப்பிரசவம்’ என்கிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினரின் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் முதலில் வருவது இச்சொல்லே. தாயும் சேயும் பிழைத்தனர் என்னும் நிம்மதி அதில் ஒலிக்கிறது. அது பொய்ச்சொல்லன்று. ஆயினும் அச்சொல்லுக்குப் பின், தாயின் உடலில் என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

1993இல் அப்துல் சுல்தானும் அவர்தம் குழுவினரும் இலண்டனில் செய்த ஆய்வு இக்கேள்வியைக் கேட்டது. இயல்பான வழியில் முதற்பிள்ளை பெற்ற 79 பெண்களின் குதச் சுருக்குத்தசையை, பேற்றுக்குப் பின் ஆறாம் வாரத்தில் மீயொலிக் கருவிகொண்டு அவர்கள் நோக்கினர். அவர்களுள் 35 விழுக்காட்டினருக்கு அத்தசையில் குறைபாடு காணப்பட்டது. பேற்றறையில் எவரும் கண்டறியாத காயங்களே அவற்றுள் மிகப் பல. ஆகவே அவற்றை ‘மறை காயங்கள்’ என்று குறிப்பிடத் தொடங்கினர்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்பட்டது. காயம் தானாக மறைந்திருந்ததா, பார்ப்பவர் காணவில்லையா? 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை கூறியது. இயல்பு வழியில் முதன்முறை பேறுற்ற 241 பெண்களைப் பேறு பார்த்தவர்கள் வழக்கம்போல் பரிசோதித்தனர். பின்னர்ப் பயிற்சிபெற்ற ஆய்வாளர் மீண்டும் பரிசோதித்தார். முதற்பரிசோதனையில் 11 விழுக்காடாக இருந்த சுருக்குத்தசைக் காயம், இரண்டாம் பரிசோதனையில் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. கருவியின் துணையால் மட்டுமே காணக்கூடிய காயங்கள் மிகச் சிலவே. ‘மறை காயம்’ என்னும் பெயர், பரிசோதித்தவரின் கவனக்குறையைக் காயத்தின் இயல்பாக மாற்றிக் கூறியிருந்தது.

சொல் ஒழுங்கும் இதனுடன் சேர்ந்தே வந்தது. பேற்றின்போது நேரும் கிழிசலை முதல்நிலை, இரண்டாம் நிலை எனப் பாடநூல்கள் பகுத்திருந்தன. ஆயினும் சுருக்குத்தசை பாதியளவு கிழிந்தால் அது இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு இருந்தது. ஒரு மருத்துவமனையின் புள்ளிவிவரத்தை மற்றொன்றோடு ஒப்பிட இயலாமற்போனதற்கு இதுவே காரணம். 1999இல் சுல்தான் புதிய பகுப்பை முன்மொழிந்தார். புறச் சுருக்குத்தசையின் தடிப்பில் பாதிக்குக் குறைவாகக் கிழிந்தால் 3அ. பாதிக்கு மேல் கிழிந்தால் 3ஆ. அகச் சுருக்குத்தசையும் கிழிந்தால் 3இ. குதத்தின் உட்சவ்வும் கிழிந்தால் நான்காம் நிலை. இப்பகுப்பு இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. கிழிசலுக்கு ஒரே பெயர் அமைந்த பின்னரே அதனை எண்ண முடிந்தது. எண்ணிய பின்னரே, அதைத் தவிர்க்கவும் உரிய நேரத்தில் தைக்கவும் பேறு பார்ப்போர்க்கு முறையான பயிற்சி அளிக்க முடிந்தது.

இடக்கரடக்கல்: சொல்லாமல் விடப்படும் குறை

இனி இடக்கரடக்கலுக்கு வருவோம். அவையிற் கூறத்தகாததை மறைத்துக் கூறுதல் பண்பாட்டின் அடையாளம்; அதனை நாம் குறை கூறவியலாது. ‘முழுகாமல் இருக்கிறாள்’, ‘வீட்டுக்கு விலக்கு’ முதலிய தொடர்கள் நாணத்தைக் காத்துக்கொண்டே செய்தியைத் தெரிவிக்கும் திறன் பெற்றவை; கேட்பவர் எவரும் அவற்றின் பொருளை அறிவர். சிறுநீர்க் கசிவிற்கோ அவ்வாறு எல்லார்க்கும் விளங்கும் இடக்கரடக்கல் தொடர் அமையவில்லை. ‘கீழே ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று மட்டுமே ஒரு பெண் கூறுகிறார். இத்தொடர் நீர்க்கடுப்பையும் வெள்ளைப்படுதலையும் உறுப்பிறக்கத்தையும் கசிவையும் ஒருசேரக் குறிக்கக்கூடும். கருப்பை இறக்கத்திற்கு ‘அடி இறங்குதல்’ என்னும் தெளிவான வழக்கு தமிழ்ப் பெண்களிடையே உண்டு. மலாய் மொழியிலும் ‘ரஹிம் ஜாத்து’, அதாவது கருப்பை விழுதல், என்னும் தொடர் வழங்குகிறது. எனினும் இளந்தலைமுறையினர் பலர்க்கு ‘அடி இறங்குதல்’ என்பதன் பொருள் தெரியாது. பாட்டிக்காக மொழிபெயர்க்க உடன்வரும் பேரன் அதனைக் கேட்டுப் பாதத்தைப் பற்றிய சொல் என்று கருதவும் இடமுண்டு.

இந்நிலையில், மருத்துவத்துறை கசிவை எவ்வாறு வரையறுத்தது என்பது முதன்மை பெறுகிறது. 1971இல் தோன்றிய பன்னாட்டுச் சிறுநீரடக்கவியல் கழகம், கலைச்சொற்களை ஒழுங்குபடுத்துவதைத் தன் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதன் 1988ஆம் ஆண்டின் அறிக்கை, தன் விருப்பமின்றி வெளியேறும் சிறுநீர் புறநிலையில் மெய்ப்பிக்கத்தக்கதாகவும், சமுதாயத்திலோ தூய்மையிலோ இடர்ப்பாடு விளைவிப்பதாகவும் இருந்தாலே அது நோய் என்றது. இவ்விரு நிபந்தனைகளையும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர், கோயிலுக்கும் திருமணத்திற்கும் செல்வதை நிறுத்திக்கொண்டவர், பேருந்துப் பயணத்தையே தவிர்த்தவர் ஆகியோருக்குப் பரிசோதனை நாளன்று கசிவு தென்படாமற் போகலாம். ‘பிள்ளை பெற்றால் இப்படித்தான்’ என்று தேறிக்கொண்டவர் அதனை இடர்ப்பாடாகவே கருதாமலிருக்கலாம். இருவரும் அவ்வரையறைக்கு வெளியே நின்றுவிடுவர்.

2002இல் அக்கழகம் வரையறையை மாற்றியது. விருப்பமின்றிச் சிறுநீர் சிறிதேனும் கசிவதாக நோயாளி முறையிடுவதே சிறுநீர்க் கசிவு என்று புதிய அறிக்கை கூறியது. மெய்ப்பிக்கும் நிபந்தனையும் இடர்ப்பாட்டு நிபந்தனையும் நீங்கின. ‘முறையிடுதல்’ என்னும் சொல் நடுவிடம் பெற்றது. இதனால் பரிசோதனை தேவையற்றதாகிவிடவில்லை. நோயாளி கூறுவது, மருத்துவர் காண்பது, கருவி அளப்பது, இவற்றால் துணியப்படும் நோய்நிலை ஆகிய நான்கும் தனித்தனியே வகுக்கப்பட்டன. அவற்றுள் முதலில் நிற்பது நோயாளியின் சொல். 2010இல் பெண்களுக்கென்றே தனியான கலைச்சொல் அறிக்கையைப் பன்னாட்டு மகளிர் சிறுநீரியல் சங்கமும் இக்கழகமும் இணைந்து வெளியிட்டன.

நோயாளி உணர்ந்து கூறுவதற்கும் மருத்துவர் கண்டு கூறுவதற்கும் தமிழில் நாம் ‘அறிகுறி’ என்னும் ஒரே சொல்லைப் பயன்படுத்தி வருகிறோம். மேற்கண்ட பகுப்பை மாணவர்க்கு விளக்க அச்சொல் போதாது. முன்னதை உணர்குறி என்றும் பின்னதைக் காண்குறி என்றும் பிரித்து வழங்கலாம் என்பது நம் கருத்து. ஒன்று அனுபவம், மற்றொன்று கவனிப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் இடத்தில்தான் நல்ல மருத்துவர் மேலும் வினவுகிறார்.

குழூஉக்குறி: பெயர் சொல்வதும் பெயர் மறைப்பதும்

மூன்றாவதாக, மருத்துவரின் குழூஉக்குறி. ஒரு குழுவினர் தம்முள் விரைந்து பேசுவதற்கு இது பயன்படுகிறது. சில வேளைகளில், தாம் அறியாததையும் அறிந்ததுபோல் கூற அது இடமளித்துவிடுகிறது.

யோனியின் முன்சுவர் பிதுங்கினால் ‘சிறுநீர்ப்பை இறக்கம்’ என்றும், பின்சுவர் பிதுங்கினால் ‘மலக்குடல் பிதுக்கம்’ என்றும் மருத்துவர்கள் நெடுங்காலம் குறித்துவந்தனர். கண்ணுக்குத் தெரிவது பிதுங்கிய சுவர் மட்டுமே. அதன் பின்னால் இருப்பது எவ்வுறுப்பு என்பது ஊகம். மேலும், ‘சிறிது’, ‘மிதம்’, ‘கடுமை’ என்னும் அடைமொழிகள் மருத்துவர்க்கு மருத்துவர் வேறுபட்டன. 1996இல் வெளியான அளவீட்டு முறை இவ்வழக்கத்தை மாற்றியது. யோனி வாயிலிலுள்ள கன்னிச்சவ்வின் தடத்தைச் சுழியமாகக் கொண்டு, யோனிச்சுவரின் ஆறு புள்ளிகள் அதற்கு மேலோ கீழோ எத்தனை சென்டிமீட்டரில் உள்ளன என்று அளப்பதும், அவற்றோடு வேறு மூன்று நீளங்களைக் குறிப்பதும் அம்முறை. மேலுள்ளவை எதிர்மறை எண். வெளியே வந்தவை நேர்மறை எண். அவற்றைக் கொண்டு சுழியம் முதல் நான்கு வரை நிலைகள் வகுக்கப்பட்டன. உறுப்பின் பெயரை நீக்கிச் சுவரின் பெயரை மட்டும் கூறியதால், காணாததைக் கூறாத ஒழுக்கம் மருத்துவ மொழிக்கு வந்தது. ஒரு நாட்டில் செய்த அறுவையின் பயனை மற்றொரு நாட்டில் ஒப்பிடவும் இயன்றது.

குழூஉக்குறி தீங்கு விளைவித்த நிகழ்ச்சியும் உண்டு. உறுப்பிறக்கத்தையும் கசிவையும் சரிசெய்ய, செயற்கை இழை வலையை யோனியின் வழியாகப் பொருத்தும் முறை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. சிலருக்கு அது நற்பயன் தந்தது. வேறு சிலருக்கு வலை சதையைத் துளைத்து வெளித்தெரிந்தது, வலி நீங்காமல் நின்றது. மருத்துவ ஏடுகள் இச்சிக்கலுக்கு நிலம் அரிக்கப்படுவதைக் குறிக்கும் சொல்லையே வழங்கின. அச்சொல் வலை எங்கே, எவ்வளவு, எப்படி வெளிப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. 2011இல் வெளியான கலைச்சொல் அறிக்கை, அதனைக் கைவிட்டு வெளித்தெரிதல், வெளித்தள்ளல், சுருங்கல் முதலிய தனித்தனிச் சொற்களைப் பரிந்துரைத்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், உறுப்பிறக்கத்திற்காக யோனிவழிப் பொருத்தும் வலையின் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. இங்கிலாந்தில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் நடைபெற்ற ஆய்வுக்குழு 2020இல் அறிக்கை அளித்தது. பெண்கள் தம் வலியை எடுத்துரைத்தபோது அதனைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கியமை அவ்வறிக்கை கண்ட முதன்மையான குறைகளுள் ஒன்று. வரையறையில் 2002இல் முதலிடம் பெற்ற நோயாளியின் முறையீடு, நடைமுறையில் அவ்விடத்தைப் பெறவில்லை என்பதை இது காட்டுகிறது.

தமிழில் வரும்போது

இச்சொற்கள் தமிழுக்கு வரும்போது புதிய இடர்கள் தோன்றுகின்றன. இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். இருமும்போதும் தும்மும்போதும் பளு தூக்கும்போதும் சிறுநீர் கசிவதை ஆங்கில மருத்துவம் ‘ஸ்டிரெஸ்’ என்னும் அடைமொழியால் குறிக்கிறது. வயிற்றினுள் அழுத்தம் திடீரெனக் கூடுவதே அதன் பொருள். இச்சொல்லை நாளேட்டு வழக்கைப் பின்பற்றி ‘மன அழுத்தம்’ என்று பெயர்த்தால், ‘கவலையால் வந்த நோய்’ என்று நோயாளி கருதுவார். கவலைப்படாதே என்று உறவினர் ஆறுதல் கூறுவர். நோய் அப்படியே இருக்கும். ‘உடல் அழுத்தக் கசிவு’ என்றோ, ‘இருமினால் தும்மினால் வரும் கசிவு’ என்று விரித்தோ கூறுவதே தெளிவு. அவ்வாறே, வலையின் சிக்கலுக்கு ‘அரிப்பு’ என்று நேர்ப்பெயர்ப்பு இட்டால், மண் அரிப்பை நினைந்து எழுதியவரின் கருத்து ஒன்றாகவும், தோலில் நமைச்சல் என்று படிப்பவர் கொள்ளும் கருத்து வேறாகவும் முடியும். ‘வலை வெளித்தெரிதல்’ என்பதில் இக்குழப்பமில்லை.

தமிழ்வழி மருத்துவச் சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் அதனைத் தமிழிலேயே நடத்தினார். அவர் முதலில் தமிழாக்கிய நூல்களுள் மகப்பேற்று மருத்துவ நூலும் ஒன்று. அது 1850களில் வெளிவந்தது. உடற்கூறும் அறுவை மருத்துவமும் வேதியியலும் பின்தொடர்ந்தன. மாணவன் தன் ஊர்ப்பெண்ணிடம் பேசவேண்டிய மொழியிலேயே அவன் கற்கவேண்டும் என்னும் தெளிவு அம்முயற்சியில் இருந்தது.

இன்று ஆய்வாளர்கள் கசிவையும் இறக்கத்தையும் அளக்க வினாத்தாள்களைப் பயன்படுத்துகின்றனர். அவை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கப்பட்டு, வேறொருவரால் மூலமொழிக்கே மீளப் பெயர்க்கப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. அதன்பின் நோயாளிகள் சிலரிடம் காட்டி, ‘இவ்வினாவை எவ்வாறு புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்கப்படுகிறது. இந்த இறுதிப்படியே இன்றியமையாதது. ‘சிறுநீர்’ என்னும் எழுத்துச்சொல்லைப் பள்ளி சென்றவர் அறிவர். தோட்டப்புறத்தில் வளர்ந்த முதியவர்க்கு ‘ஒன்றுக்குப் போவது’ என்பதே எளிதில் விளங்கும். ‘மூத்திரம்’ என்பது ஒருவர்க்கு இயல்புச்சொல், மற்றொருவர்க்கு இழிசொல். எச்சொல் நாணத்தையும் காத்துப் பொருளையும் உணர்த்தும் என்பதைக் கூறவல்லவர் மொழியறிந்தவரே.

குணப்படுத்தக்கூடியதை மறைக்க வேண்டா

இவ்வளவும் கூறியபின், இந்நலிவுகள் பெரும்பாலும் குணப்படுத்தவோ தணிக்கவோ கூடியவை என்பதை வலியுறுத்துதல் நம் கடமை. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பற்றி எழுதினார். உடல் அழுத்தக் கசிவுக்கு இன்றும் முதற்சிகிச்சை அதுவே. பயிற்சியாளரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டு முறை செய்யுமாறு பிரிட்டன் வழிகாட்டுநெறி பரிந்துரைக்கிறது. உறுப்பிறக்கத்திற்கு, யோனியினுள் வைக்கும் தாங்குவளையமும் அறுவையும் உள்ளன. எடைக்குறைப்பும் மலச்சிக்கல் நீக்கமும் துணைசெய்யும். கருவி வேண்டாத, செலவில்லாத சிகிச்சையைப் பல பெண்கள் பெறாமற்போவதற்குத் தயக்கம் பெருங்காரணமாகிறது. கேட்பதற்குச் சொல் இல்லாதவர்க்குத் தயக்கம் மேலும் கூடும்.

சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் நிகழ்ந்த பேறுகளின் எண்ணிக்கையில் அது உலக அளவில் பேசப்பட்டது. அவ்வாண்டில் தாயரானோர் இன்று எண்பது வயதை ஒட்டியும் கடந்தும் வாழ்கின்றனர். அவர்களுள் தமிழ்ப் பெண்களும் உளர். மலேசியாவிலும் அத்தலைமுறைத் தாயர் தோட்டங்களிலும் நகரங்களிலும் முதுமையடைந்துள்ளனர். அவர்களின் பேறுகள் எண்ணப்பட்டன. பேற்றுக்குப் பிந்திய நலிவுகளை அவர்களே வாய்திறந்து கூறினாலன்றி எண்ணவியலாது.

முடிவுரை

ஆசிரியப் பெருமக்கள் வழக்குப் பகுதியைக் கற்பிக்கும்போது, ‘கால் கழுவி வந்தான்’ என்பதோடு நிறுத்தாமல், மருத்துவரிடம் கூறவேண்டியதை இடக்கரடக்கலால் மறைத்தால் விளைவது யாது என்று மாணவரை வினவலாம். மேல்நிலை மாணவர், மருத்துவமனைக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தை எடுத்து, ‘அழுத்தம்’, ‘அரிப்பு’, ‘அறிகுறி’ போன்ற இருபொருட் சொற்களைத் தேடிப் பட்டியலிடலாம். பின்னர் அப்பக்கத்தைத் தம் பாட்டியிடம் படித்துக்காட்டி, அவர் புரிந்துகொண்டதை அவர்தம் சொல்லாலேயே எழுதிவரலாம். ‘அடி இறங்குதல்’ போன்ற வழக்குகள் அத்தலைமுறையோடு மறைவதற்குள் தொகுக்கப்படவும் அது உதவும்.

மருத்துவமனைக்குத் துணைசெல்லும் இளையோர்க்கு ஒரு வேண்டுகோள். பெரியவர் கூறியதைச் சுருக்காமலும் அழகுபடுத்தாமலும் அப்படியே பெயர்த்துக் கூறுங்கள். பேரன்முன் பேசப் பாட்டி தயங்கினால், பெண்ணொருவர் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யுமாறு கேளுங்கள். இடக்கரடக்கலும் மங்கலமும் அவையில் இருக்கட்டும். மருத்துவர் முன் இயல்பு வழக்கே தகுதி வழக்கு.